ராட்டினத்தில் ஏறாதவர்கள்

ராட்டினக்காரர் பெட்டிகளை வரிசையாக நிரப்பமாட்டார். கீழே நிற்கும் பெட்டியில் நான்கு பேரை ஏற்றியதும் சக்கரத்தைப் பாதி சுற்றவிட்டு, அதற்கு நேர் எதிரே இருந்த பெட்டியைக் கீழே கொண்டுவந்து அதை நிரப்புவார். பிறகு கால் சுற்று, அதன் பிறகு மறுபடியும் பாதி. ஒரு பக்கம் மட்டும் கனத்துப்போனால் இன்ஜின் திணறும், நிறுத்த நினைத்த இடத்தில் சக்கரம் நிற்காது. அதனால் ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுவிடுவார். கனத்த சரீரம் உள்ள ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தால், எதிர்ப்பெட்டிக்குப் பிள்ளைகுட்டியோடு ஒரு முழுக் குடும்பத்தைக் கூட்டத்திலிருந்து கைகாட்டி அழைப்பார். அழைக்கப்பட்டவர்களுக்குத் தங்களுக்கு ஏன் இந்த முன்னுரிமை என்று தெரியாது. பெருமையாக ஏறிக்கொள்வார்கள்.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திடலில் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். திருவேங்கடத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு ஆடித்தபசு என்றால் பாதி கோமதி அம்மன், பாதி ராட்டினம். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட்டதில்லை. அம்மன் ஒற்றைக்காலில் நின்று தவமிருந்து சிவனையும் பெருமாளையும் ஒரே உருவமாகக் கண்ட ஆடி உத்திராட நாள் அது. விரதம் இருப்பவர்கள் கோயிலுக்குள் நூற்றியெட்டுச் சுற்று சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். தபசுக் காட்சியின்போது சுற்றுப்பட்டி சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் தானியமுமாகத் தங்கள் காட்டில் விளைந்ததை அள்ளி வீசுவார்கள். அந்த வீதிகளை ஒட்டி வளையல் கடை, அல்வாக் கடை, பாத்திரக் கடை. அதற்கும் அப்பால் ராட்டினம். சுற்றுவதற்கென்றே வந்த கூட்டம் உள்ளேயும் வெளியேயும் சுற்றிக்கொண்டிருக்கும்.

மற்றவர்களை ஏற்றி இறக்குகிற நேரத்தில் நம் பெட்டி உச்சியில் நின்றுவிடும். ராட்டினத்தில் கொடுத்த காசுக்கு மிஞ்சிக் கிடைப்பது அந்த நிற்றல்தான். சுற்றும்போது வயிற்றுக்குள் ஏதோ பிசையும், கண்ணை மூடிக்கொள்வோம், ஒன்றும் பார்க்க முடியாது. நிற்கும்போது எல்லாம் தெரியும். ஒன்பது நிலைக் கோபுரம் ஏறக்குறைய நம் தோளுக்கு வந்துவிட்டதுபோல் நிற்கும். 125 அடிக் கோபுரத்துக்கும் ராட்டினத்துக்கும் உயரத்தில் போட்டியே கிடையாது. ஆனாலும் பெட்டி ஆடுகிறபோது அப்படித்தான் தோன்றும். ரத வீதிகளின் வளைவு, ஓட்டு வீடுகளின் கூரைகள், சைக்கிள்கள் குவிந்த மூலை, ஊர் முடிந்ததும் சட்டென்று தொடங்கும் கரிசல். பின்னால் வந்த வருடங்களில் அந்தக் கரிசலின் ஓரத்தில் காற்றாலைகளும் முளைத்தன. தினமும் நடந்து போகிற தெருவை மேலேயிருந்து ஒருதரம் பார்த்துவிட்டு இறங்குகிறவனுக்கு அந்தத் தெரு கொஞ்சம் மாறித்தான் போகிறது. ராட்டினம் ஊரைக் காட்டியது. பின்னால் நான் பார்த்த எந்தத் தீம் பார்க்கும் இந்த வேலையைச் செய்யவில்லை. செய்யக்கூடாது என்பதே அவற்றின் கட்டுமான விதி.

அந்த விதியை எழுதியவர் வால்ட் டிஸ்னி. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹெய்மில் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது. அங்கே அவர் கட்டியவற்றில் கோட்டையைப் பற்றியும் எலியைப் பற்றியும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பூங்காவைச் சுற்றி அவர் எழுப்பிய மண்மேடு. அதன்மேல் ரயில் ஓடும். உள்ளே இருப்பவர் கண்ணில் நெடுஞ்சாலையோ மின்கம்பமோ பக்கத்துக் கட்டடமோ படக்கூடாது, ஊர் என்று ஒன்று வெளியே இருப்பதே மறந்துபோக வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே நுழைந்ததும் வருவது ஒரு பழைய அமெரிக்கக் கடைத்தெரு. சிறுவயதில் தான் வாழ்ந்த மிசௌரி மாநிலத்து மார்சலின் என்ற சிற்றூரை மனதில் வைத்து டிஸ்னி அமைத்த தெரு. கட்டடங்களின் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டினார்கள். பார்ப்பதற்கு உயரமாகவும் தெரியும், பொம்மை வீடு போன்ற நெருக்கமும் வரும்.

ஆக, தீம் பார்க் என்பதே ஏக்கத்தை அஸ்திவாரமாகப் போட்டுக் கட்டியதுதான். நிஜமான கடைத்தெருவை மேட்டுக்கு அந்தப்புறம் தள்ளிவிட்டு, நினைவில் இருந்த கடைத்தெருவை மேட்டுக்கு இந்தப்புறம் கட்டினார்கள். இன்றைக்கு அங்கே பழைய டிஸ்னிலேண்ட் போய்விட்டதே, எங்கே பார்த்தாலும் சினிமாப் பாத்திரங்களாக நிரப்பிவிட்டார்களே என்று முதியவர்கள் வருந்துகிறார்கள். அவர்கள் இழந்துவிட்டதாகச் சொல்லும் பழசும் ஒரு நகல்தான். அதனால் அந்த வருத்தம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். நகலோடு வளர்ந்தவனுக்கு நகலே சொந்த ஊர்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு தலைமுறை இருக்கிறது. தென்கோடியிலிருந்து சென்னைக்குப் பிழைக்கப் போய், தவணை முறையில் வீட்டுச் சாமான்கள் விற்றுப் பெரிய ஆளான வி.ஜி.பன்னீர்தாஸ் குடும்பம், கிழக்குக் கடற்கரையில் தங்கக் கடற்கரையை அமைத்தது எழுபதுகளில். வி.ஜி.பி. கோல்டன் பீச் என்றால் சினிமாப் பாட்டுகளில் பார்த்த இடம். சென்னைக்குப் போய்வந்த உறவுக்காரர்கள் அதன் சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோக்கள் எங்கள் பக்கத்து வீடுகளிலும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. அங்கே ரொம்ப காலமாகப் பேர்பெற்றிருந்தது எந்த இயந்திரமும் இல்லை, சிலை மனிதர். வாயிற்காவலன் வேடத்தில், தலைப்பாகையும் பெரிய மீசையுமாக, இமை அசையாமல் நிற்பார். அவரைச் சிரிக்கவைத்தால் பரிசு. பிள்ளைகள் எதிரே நின்று கோமாளித்தனம் செய்வார்கள், பெரியவர்கள் ஆபாசமாக ஏதாவது சொல்லிப் பார்ப்பார்கள். அவர் மூக்கின்மேல் ஈ உட்கார்ந்து எழுந்து போகும். கேளிக்கைப் பூங்கா என்ற துறையில் இவ்வளவு சிக்கனமான வடிவமைப்பு வேறு எங்கேயாவது இருந்திருக்குமா என்று தெரியவில்லை. மின்சாரம் வேண்டாம், தண்டவாளம் வேண்டாம். மக்கள் வேடிக்கை பார்க்கத் தயாராக இருக்கிறார்கள் என்கிற ஒரே நம்பிக்கையில் ஒரு மனிதன் நாள் முழுக்க நின்றார். அவருடைய கால்வலியைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அடுத்து 1995-இல் தாம்பரத்தை அடுத்து கிஷ்கிந்தா. அதைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' (1984) எடுத்தவர். அந்தப் படத்தில் பிள்ளைகள் சுவரிலும் கூரையிலும் நடப்பதற்காக அறையையே சுழலும்படி செய்திருந்தார்கள். அறையைச் சுழற்றியவர் பூங்கா கட்டியதில் வியப்பில்லை. குரங்குகளின் தலைநகரத்துப் பெயரை அதற்கு வைத்தது எனக்கு இன்றும் பிடிக்கும். அடுத்தடுத்து முளைத்த பூங்காக்களுக்கு இங்கிலீஷ் பெயர்கள் வந்துவிட்டன. தொண்ணூறுகளில் பிறந்தவர்கள் கிஷ்கிந்தாவின் அலைக்குளத்தைப் பற்றிப் பேசும்போது, நான் திருவிழா ராட்டினத்தைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல் வருகிறது. அதைக் கேட்கும்போது கொஞ்சம் எரிச்சலும், கூடவே ஒரு பங்காளிப் பாசமும் உண்டாகும்.

அதே கிஷ்கிந்தாவில் 2016 மே மாதம் ஒரு ராட்டினத்தைச் சோதனையாக ஓட்டியபோது ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். அதற்கு முன் 2012-இல் பூந்தமல்லிக்கு அருகே இன்னொரு பூங்காவில், சுழலும் ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார். அந்த இடம் பிறகு சினிமாப் படப்பிடிப்புத் தளமாகிவிட்டது. பழசைப் புகழ்கிற கட்டுரைகளில் இந்த வரிகள் வருவதில்லை. திருவிழா ராட்டினங்களின் விபத்துக் கணக்கை யாரும் எழுதி வைத்ததுகூட இல்லை. போல்ட் சரியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்று அந்தத் திடல்களில் பார்த்தவர், முடுக்கியவர்தான்.

2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பக்கம் வொண்டர்லா திறந்திருக்கிறது. 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் ஆரம்பித்த நிறுவனம்; பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வர் என்று சுற்றிவிட்டு வந்திருக்கிறது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய். தஞ்சோரா என்று பேர் வைத்த ரோலர் கோஸ்டர் அதன் தலைச்சன் பிள்ளை. சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்டு மபிலார்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. தண்டவாளம் தலைக்குமேல் போகும், நாற்காலி அதிலிருந்து தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். இந்த வகைக் கோஸ்டர்களில் பாதை முழுவதும் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன வண்டி ஒரு கட்டத்தைக் காலி செய்துவிட்டது என்று உணரிகள் சொன்னால்தான் பின்னால் வரும் வண்டி அதற்குள் நுழைய முடியும். தோள்பட்டைக் கவசம் ஒன்று பூட்டவில்லை என்றாலும் வண்டி நகராது. ராட்டினக்காரரின் கண் செய்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டிருக்கிறது. என் அக்கா மகளை எதில் ஏற்றுவேன் என்று கேட்டால் யோசிக்காமல் கணினிப் பக்கம்தான் நிற்பேன். இதில் ஏக்கத்துக்கு இடமில்லை.

ஏக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. அது ராட்டினத்தின்மேல் இல்லை, ராட்டினத்தைச் சுற்றி நின்றவர்கள்மேல்.

திருவிழாத் திடலுக்கு வாசல் கிடையாது. வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் எதிலும் ஏறமாட்டார்கள். கையில் இருப்பது இரண்டு ரூபாய். அதில் ஒன்றிலோ இரண்டிலோதான் ஏற முடியும் என்றால் எதில் ஏறுவது என்று முடிவு செய்யவே ஒரு சாயங்காலம் வேண்டும். குடைராட்டினத்தின் குதிரைகளில் எதற்குக் காது உடையாமல் இருக்கிறது, டோராடோராவில் யார் வாந்தி எடுத்தார்கள், கொலம்பஸ் கப்பல் எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று எல்லாவற்றையும் நின்று பார்த்து, ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டு, கடைசியில் காசை மாங்காய்க்கும் பஞ்சுமிட்டாய்க்கும் செலவழித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. அவர்கள் ஏமாந்து போகவில்லை. திருவிழா பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மேலே கத்துகிறவர்களுக்கும் கீழே நிற்கிற கூட்டம் தேவைப்பட்டது. சொந்தக்காரன் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்காத ராட்டினத்தில் எதற்காகக் கத்துவது?

மரணக்கிணறு இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. பலகைகளை நெருக்கி அடித்து நிறுத்திய பெரிய உருளை. பார்வையாளர்கள் வெளிப்படிக்கட்டில் ஏறி, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து பார்க்க வேண்டும். கீழே மோட்டார் சைக்கிள் முதலில் தரையில் வட்டமடிக்கும், பிறகு சரிவுப் பலகையில் ஏறும், பிறகு செங்குத்துச் சுவரில். அது விளிம்பை நெருங்க நெருங்க நாம் நிற்கிற பலகை உதறும். எரிந்த பெட்ரோல் நெடி முகத்தில் அடிக்கும். யாராவது பத்து ரூபாய் நோட்டை நீட்டினால், ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு வந்து அதைப் பறித்துக்கொண்டு போவார். காசு கொடுத்தவர் விளிம்பில் நிற்கிறார், காசு வாங்குகிறவர் சுவரில் ஓடுகிறார். அங்கே ஏறுவது என்ற பேச்சே இல்லை. பார்ப்பதற்குத்தான் டிக்கெட்.

பூங்காக்காரர்கள் இதை மாற்றியது டிக்கெட்டின் வழியாக. டிஸ்னிலேண்டிலும் ஆரம்பத்தில் நுழைவுச்சீட்டோடு ஒரு டிக்கெட் புத்தகம் கொடுத்தார்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் அதன் தரத்துக்கு ஏற்ற சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். 1982-இல் அதை ஒழித்து, ஒரே கட்டணம், நாள் முழுக்க எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று வைத்தார்கள். கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதன் பிறகு பார்த்துக்கொண்டு நிற்பது நஷ்டக் கணக்கில் சேர்ந்தது. கொடுத்த காசுக்கு எத்தனை ராட்டினம் என்று எண்ண ஆரம்பித்தார்கள். எல்லோரும் எல்லாவற்றிலும் ஏறினால் எல்லா இடத்திலும் வரிசை வரும். வரிசை நீளமாகத் தெரியாமல் இருக்க அதை மடித்து மடித்துக் கம்பிகளுக்குள் விட்டார்கள், நிற்கிறவர்களுக்குப் பராக்குக் காட்டச் சுவரில் சித்திரம் எழுதினார்கள். 1999-இல் வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வந்து ஏறலாம் என்று இலவசச் சீட்டு வந்தது. 2021-இல் அதற்கும் தனிக்காசு. நம் ஊர்ப் பூங்காக்களிலும் இப்போது கூடுதல் பணம் கட்டினால் விரைவு வரிசை உண்டு. கோயில்களில் சிறப்பு தரிசனத்துக்குப் பழகிய நமக்கு இது புதுசாகவே தெரியவில்லை.

எல்லாம் ஏறக்கூடியது ஆனபின், ஏறாதவனுக்கு உள்ளே வேலையில்லை. மதில் இருப்பதால் வெளியே நின்று பார்க்கவும் முடியாது. என் அப்பா தலைமுறையில் ஆயுள் முழுக்க ஒரு ராட்டினத்திலும் ஏறாமல், எல்லா ராட்டினங்களையும் அனுபவித்த மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பூங்காவை வரைந்து கொடுக்க இன்றைய வடிவமைப்பாளர்களிடம் எந்தத் தாளும் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, எங்கள் தெருப் பெண்களை நினைத்துப் பார்க்காமல் இருந்தால் அது நேர்மையாக இருக்காது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிற பெண்கள் சிலர் சேர்ந்து சீட்டுப் போட்டு, வேன் பிடித்து, ஒரு நீர்ப்பூங்காவுக்குப் போனார்கள். துணைக்கு ஆண்பிள்ளை வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். உள்ளே போனபின் துணை தேவைப்படவே இல்லை. சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றதும் வாடகைக்கு நைலான் உடுப்பு வாங்கி மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்து மூச்சுமுட்டச் சிரித்தார்கள். அலைக்குளத்தில் மணி அடித்து அலை வந்ததும் என் அத்தை கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். திரும்பும்போது வேனில் கேட்டேன், "ஏன் அத்தை, ஆடித்தபசுக்கு வருசா வருசம் வாறீங்க, ராட்டினத்துல ஏறி நான் பாத்ததே இல்லையே?"

"ஏறுனா அத்தன பேரும்லா பாப்பாக" என்றாள். "வயசுக்கு வந்த பெறவு எங்கம்மா ஏத்த மாட்டேன்னுட்டா. கல்யாணம் ஆன பெறவு நானே ஏறல. பாவாடை பறந்துச்சு, ஈன்னு பல்லைக் காட்டுனான்னு மறுநாள் தெருவே பேசும்."

நான் இவ்வளவு நேரம் புகழ்ந்துகொண்டிருந்த கூட்டம் அதுதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்த கூட்டம். டவுசர் போட்ட பையனாக அந்தக் கூட்டத்தில் நிற்க எனக்கு எந்தச் செலவும் இருக்கவில்லை. அத்தைக்கு அந்தக் கண்களிலிருந்து தப்பிக்க ஒரு மதில் வேண்டியிருந்தது, மதிலுக்கு டிக்கெட் வேண்டியிருந்தது, டிக்கெட்டுக்குச் சீட்டுப் பணம் வேண்டியிருந்தது. பூங்காவின் மதில் ஏறாதவர்களை வெளியே நிறுத்தியது என்றேன். ஏற விடப்படாதவர்களை உள்ளே விட்டதும் அதே மதில்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எனக்கு அத்தையின் பக்கம்தான் தாழ்கிறது. தாழ்ந்த பிறகும் எதிர்த்தட்டில் கனம் இல்லாமல் போகவில்லை. அந்த வேனில் வர முடியாமல் போன பெண்களும் தெருவில் இருந்தார்கள். திடலுக்கு வருவதற்கு அவர்கள் யாரிடமும் கடன் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை இந்த வருடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. பூங்காக்கள் திருவிழா வேடம் போட்டுக்கொள்கின்றன. கோபுரத் தோற்றத்தில் முகப்பு, சோழர் கால வாடையில் ராட்டினத்துக்குப் பெயர், மால்களில் பொங்கலுக்குக் குடைராட்டினமும் சவ்வுமிட்டாயும். அதே நேரத்தில் திருவிழாத் திடலுக்கு வருகிற பொருட்காட்சிக்காரர்கள் பூங்கா வேடம் போட்டுக்கொள்கிறார்கள். தகரத்தால் நாலாபக்கமும் அடைத்து, முகப்பில் பிளைவுட்டில் லண்டன் பாலமோ ஈஃபில் கோபுரமோ நிறுத்தி, உள்ளே கண்ணாடிக் குகையில் மீன்களை நீந்தவிட்டு, கடல்கன்னி என்று ஒரு பெண்ணைத் தொட்டிக்குள் இறக்கி, நுழைவுக்கட்டணம் வாங்குகிறார்கள். சென்னைக்காரன் காசு கொடுத்துத் தஞ்சாவூரைப் பார்க்கிறான். எங்கள் ஊர்க்காரன் காசு கொடுத்து லண்டனைப் பார்க்கிறான். இதில் யாரைக் குறை சொல்வது? தகர அடைப்பைப் பார்த்து எனக்கு முகம் சுளித்தாலும், உள்ளே வரிசையில் நின்று செல்ஃபி எடுக்கிற பெண்பிள்ளைகள் அத்தையைவிட நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது கண்கூடு.

மதில் இல்லாத பூங்கா காலத்துக்கு ஒவ்வாது என்பதும் முழு உண்மையில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் 1920-இல் வந்த வொண்டர் வீல் ராட்டினமும் 1927-இல் வந்த சைக்ளோன் மரக் கோஸ்டரும் இன்றும் ஓடுகின்றன. கடற்கரை நடைபாதையிலிருந்து நேரே உள்ளே நடந்து போகலாம். நடப்பதற்குக் காசு இல்லை, ஏறுவதற்குத்தான். தெருவில் நின்றே சைக்ளோன் சரிவதையும் அதில் இருப்பவர்களின் வாய் பிளப்பதையும் பார்த்துவிட்டுப் போகலாம். பாதுகாப்புச் சட்டம் கறாராக இருக்கிற நாட்டில்தான் இது நடக்கிறது. கணினியும் உணரியும் வந்தால் கூடவே மதிலும் வந்தே தீரும் என்று எந்த இயந்திரமும் சொல்லவில்லை. நம் மெரினா மணலில் கையால் சுற்றுகிற குட்டி ராட்டினங்களும் அப்படித்தான் திறந்த வெளியில் நிற்கின்றன, பாதுகாப்பு மட்டும்தான் அங்கே இல்லை.

ஆனால் திறந்த ராட்டினத்துக்கு முதல் தேவை திறந்த நிலம். டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டின் யானைக்குட்டி அப்பு பெயரில் 1984-இல் திறந்த அப்பு கர், 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது உச்ச நீதிமன்றத்தின் கட்டடம். மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி நடந்துவந்த தமுக்கம் மைதானத்தில் 2022 முதல் மாநாட்டு மையம் நிற்கிறது. திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் ஆனித் திருவிழாவுக்குப் பொருட்காட்சி போட்ட திடலிலும் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வர்த்தக மையம் வந்துவிட்டது. இவையெல்லாம் ஊருக்குத் தேவையில்லாத கட்டடங்கள் என்று நான் வாதாடவில்லை. குளிர்சாதன மண்டபத்துக்குள் நகைக் கண்காட்சி நடக்கும், துணிக் கண்காட்சி நடக்கும், ராட்டினம் மட்டும் நிற்காது. அதற்குத் தலைக்கு மேல் வானம் வேண்டும்.

ஒரு ஆடித்தபசு முடிந்த மறுநாள் காலையில் திடலில் சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆரக்கால்களை நம்பர் பார்த்து லாரியில் அடுக்கிக்கொண்டிருந்த ராட்டினக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். திருப்போரூர்ப் பூங்காவைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. செல்போனில் அந்தக் கோஸ்டரின் வீடியோவைப் பலமுறை பார்த்திருக்கிறார். அதன் வெல்டிங் சுத்தத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார். உங்கள் தொழிலும் ஒருநாள் அந்த மாதிரி உணரி, கணினி என்று மாறுமா அண்ணாச்சி என்றேன்.

"மாட்டுனா நல்லதுதானே சார். ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். "ஆனா மாட்டுன மிஷினை எங்க கொண்டுபோய் நிறுத்த? நெல்லையில எடம் போச்சு. தூத்துக்குடி மாதா கோயில் திருவிழாவும் தபசும் சில வருசம் ஒரே வாரத்துல வந்து விழுந்துருது, ரெண்டுல ஒண்ணுதான் புடிக்க முடியும். எடம் ஏலம் எடுக்குறவன் வருசா வருசம் ரேட்டை ஏத்துறான். இந்தக் கணக்குல உணரி எங்க வாங்க?"

அடுத்து எங்கே என்று கேட்டேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி, அது முடிந்ததும் வேளாங்கண்ணி என்றார். வேளாங்கண்ணிக்குப் பெரிய சக்கரம் கட்டாது, குடைராட்டினத்தை மட்டும் கொண்டுபோகலாமா என்று தம்பியோடு இன்னும் முடிவு பண்ணவில்லையாம்.